புரையேறுதலும் முதுமையும்

உண்ணும்போது ஒருவருக்குப் புரையேறினால் "யாரோ நினைக்கிறார்கள்" என்று சொல்லி, உச்சந்தலையில் இரண்டு தட்டுத் தட்டுவது நம் நாட்டு வழக்கம். பிள்ளைகள் வெளியூரில் வாழும் தாய்க்கு இச்சொல் ஓர் ஆறுதலுங்கூட. ஆகவே இதனைக் குறைகூற நாம் முன்வரவில்லை. ஆயினும், எழுபது வயது கடந்த ஒருவருக்கு நாள்தோறும், வேளைதோறும், அதிலும் சோறு உண்ணும்போதைவிடத் தண்ணீர் குடிக்கும்போது மிகுதியாகப் புரையேறுமாயின், அவரை நினைப்பவர் யார் என்று ஆராய்வதைவிட அவருடைய தொண்டையில் நிகழ்வது யாது என்று ஆராய்வதே வீட்டாரின் கடமையாகும். இக்கட்டுரை அதன் பொருட்டே எழுதப்படுகிறது.

நம் சங்க அங்கத்தினர்களின் இல்லங்களில் முதியோர் தொகை ஆண்டுக்காண்டு பெருகி வருகின்றது. 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படியே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப்பேருக்கு மேல் அறுபது வயது நிறைந்தவர்கள். நம் வட்டாரத்திலோ இதற்குத் தனிக் காரணமும் உண்டு. 1949-இல் அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை எழுந்தது. 1955-இல் காங்கிரஸ் மகாசபை கூடிய ஆவடியில் அதன்பின் கனரக வாகனத் தொழிற்சாலையும் படையுடைத் தொழிற்சாலையும் வந்தன. 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை உருவாயிற்று. தறியையும் கழனியையும் விட்டு அக்காலத்தில் இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்த இளைஞர்கள் இன்று எண்பதைக் கடந்தவர்கள். பூவிருந்தவல்லியைச் சுற்றிக் கீரையும் பூவும் பயிரிட்டவர்களும், அம்மையார்குப்பம், பொதட்டூர்ப்பேட்டை முதலிய ஊர்களில் தறியில் அமர்ந்தவர்களும் அதே வயதினரே. இவர்கள் உண்ணும் அளவு குறைந்தால், "வயதாகிவிட்டது, பசியில்லை" என்று வீட்டார் தேறிக்கொள்கிறார்கள். சிலர், "பிடிவாதம்" என்று கடிந்தும் கொள்கிறார்கள். பசியிருந்தும் விழுங்க அஞ்சி உணவை ஒதுக்குவோர் இவர்களிடையே உண்டு என்பதை நாம் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம்.

விழுங்குதல் என்பது பார்வைக்கு எளிய செயல். உண்மையில் ஏறத்தாழ முப்பது இணைத் தசைகளும், மூளையிலிருந்து நேரே இறங்கும் ஐந்து இணை நரம்புகளும் ஒன்றுபட்டு இயங்கினால்தான் ஒரு கவளம் உள்ளே செல்லும். உழவர் நன்கறிந்த உவமை ஒன்றால் இதனை விளக்கலாம். தொண்டை என்பது இரு கால்வாய்கள் பிரியும் இடம். முன்னே இருப்பது காற்றுக்குரிய மூச்சுக்குழல்; பின்னே இருப்பது உணவுக்குழல். மூச்சு எந்நேரமும் ஓடிக்கொண்டிருப்பதால் முன்வாய்க்கால் எப்போதும் திறந்தே இருக்கும்; பின்வாய்க்கால் மூடியே இருக்கும். கவளம் வரும் அந்த ஒரு நொடியில் மட்டும் மடை மாறவேண்டும். மூச்சு நிற்கிறது, குரல்வளை மேலெழுந்து முன்னோக்கி நகர்கிறது, அதன் மூடி சாய்கிறது, குரல்நாண்கள் ஒன்றையொன்று நெருங்கி அடைக்கின்றன, உணவுக்குழலின் வாய் திறக்கிறது. கவளம் இறங்கியதும் யாவும் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. கழுத்தில் கைவைத்து எச்சிலை விழுங்கிப் பார்ப்பவர், குரல்வளை எழுந்து தாழ்வதைத் தம் விரலாலேயே உணரலாம்.

நெசவாளர்க்கு இதைவிட நெருங்கிய உவமை தறியிலேயே உண்டு. மிதியை அழுத்திப் பாவு விரிந்த பின்னரே நாடா ஓடவேண்டும். மிதி தாமதித்து நாடா முந்தினால் இழை அறும். முதுமையில் நிகழ்வது பெரும்பாலும் இந்த நேரப்பிசகுதான். உடல் முழுவதும் தசை மெலிவதுபோல் நாவின் தசையும் மெலிகிறது. கவளத்தைப் பின்னுக்குத் தள்ளும் விசை குறைகிறது. தொண்டையின் உணர்ச்சி மங்குவதால் கவளம் வந்து சேர்ந்த செய்தி மூளைக்குச் சற்றுத் தாமதித்தே எட்டுகிறது. பற்கள் உதிர்ந்தமையால் உணவு நன்கு அரைபடுவதில்லை. உமிழ்நீரும் வற்றுகிறது. உமிழ்நீர் வற்றுவதற்கு வயதைவிட மருந்துகளே பெருங்காரணம் என்பது பலரும் அறியாத செய்தி. ஒவ்வாமை, தூக்கமின்மை, மனச்சோர்வு, சிறுநீர்த் தொல்லை ஆகியவற்றுக்கும், இரத்த அழுத்தத்துக்கும் தரப்படும் மாத்திரைகளுள் சில வாயை உலரச் செய்யும்.

இவ்வளவும் நிகழ்ந்தாலும் உடல்நலமுள்ள முதியவர் தக்கபடி சமாளித்து உண்கிறார். மெல்ல உண்பார், சிறு கவளமாக எடுப்பார், அவ்வளவே. ஆகவே முதுமை தானே ஒரு விழுங்கல் நோய் அன்று. ஆனால் கையிருப்பு குறைந்த குடும்பத்தை ஒரு சிறு செலவு நிலைகுலையச் செய்வதுபோல, இந்நிலையிலுள்ளவரை ஒரு காய்ச்சலோ, நீண்ட நாள் படுக்கையோ, பக்கவாதமோ தாக்கினால் விழுங்கும் ஆற்றல் திடீரெனச் சரிகிறது. பக்கவாதம் கண்டவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு முதல் சில நாட்களில் விழுங்கற்குறை காணப்படுகிறது. நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோய், மறதிநோய், தொண்டை, வாய்ப் புற்றுநோயும் அதற்குத் தரும் கதிர்ச் சிகிச்சையும் பிற காரணங்கள். வெற்றிலையுடன் புகையிலை மெல்லும் பழக்கம் நம் மக்களிடையே இன்னும் அற்றுப்போகாமையால் கடைசியாகச் சொன்னது நமக்குப் புறம்பான செய்தி அன்று.

இனி, ஆபத்து யாது என்பதைக் கூறுவோம். மடை மாறத் தவறினால் நீரும் உணவும் மூச்சுக்குழலில் இறங்குகின்றன. உடனே இருமல் எழுந்து வெளியே தள்ளுவது இயற்கை தந்த காவல். அக்காவலும் முதுமையில் தளரும். சிலருக்கு இருமலே வாராமல் உணவும் எச்சிலும் நுரையீரலுக்குள் ஓசையின்றி இறங்கிக்கொண்டேயிருக்கும். வாயிலுள்ள கிருமிகள் அவற்றுடன் சென்று நிமோனியாவை உண்டாக்கும். காரணம் தெரியாத காய்ச்சல், மாதம் ஒருமுறை மார்ச்சளி என்று டாக்டரிடம் அழைத்துச் செல்லப்படும் முதியோர் சிலரின் நோய் தொடங்கிய இடம் சாப்பாட்டுத் தட்டேயாகும். இருமவில்லை என்பதனாலேயே நலம் என்று கொள்வது தவறு.

ஆதலின் வீட்டார் கவனிக்கவேண்டிய குறிகள் பல. தண்ணீரோ காப்பியோ குடித்தபின் குரல் நீரில் நனைந்ததுபோல் கரகரத்து ஒலித்தல். முன்பு கால்மணியில் முடிந்த உணவு இப்போது அரைமணிக்கு மேல் நீளுதல். சோறு கன்னத்தில் ஒதுங்கிக் கிடத்தல். குடித்தது மூக்கின் வழி வருதல். விருப்பமாக உண்ட பண்டங்களை ஒவ்வொன்றாக விலக்குதல். உடல் எடை குறைந்து சட்டை தொளதொளத்தல். இவற்றிடையே ஒரு வேறுபாட்டையும் அறிந்திருப்பது நலம். நீரைக் குடிப்பதில் முதலில் துன்பம் தோன்றினால் குறை பெரும்பாலும் தொண்டையிலும் நரம்பிலும் இருக்கும். இட்லியும் சோறும் மார்புக்கூட்டில் அடைத்துக்கொள்வதாகத் தோன்றி, சில வாரங்களில் கஞ்சியும் இறங்காத நிலை வருமானால், குறை உணவுக்குழலில் இருக்கலாம். அங்கே புற்று வளர்வதற்கும் அதுவே அறிகுறியாதலால், ஒரு நாளும் தாமதியாமல் டாக்டரிடம் சென்று உள்நோக்குக் குழாய்ப் பரிசோதனை செய்துகொள்ளவேண்டும். "வாயு" என்று சொல்லி இஞ்சிச் சாறு குடித்துக் காலங்கழிப்பது மிகவும் வருந்தத்தக்கது.

நம் பழக்கங்களுள் ஒன்றிரண்டை மாற்றிக்கொள்ள நேரும். உதட்டில் படாமல் செம்பை உயர்த்தி அண்ணாந்து குடித்தல் தூய்மைக்கு ஏற்ற பழக்கம். இளையோர் தொடர்ந்து குடிக்கட்டும். ஆனால் தலை பின்னே சாயும்போது நீர் நாவின் பிடியில் நில்லாமல் மடை மாறுமுன்னரே தொண்டையில் கொட்டிவிடுகிறது. மூச்சுக்குழலின் வாயும் அகன்று நிற்கிறது. விழுங்கற்குறையுள்ள முதியவருக்கு இதைவிடத் தீய நிலை வேறில்லை. அவர் டம்ளரை உதட்டில் வைத்து, முகவாய் தாழ்ந்திருக்க, சிறு மிடறாகக் குடிக்கட்டும். மாத்திரை விழுங்கும்போது தலையை வெடுக்கென்று பின்னே எறிவதும் இத்தகையதே. மாத்திரையைப் பொடித்துத் தரலாமா என்பதை மருந்துக் கடையிலோ டாக்டரிடமோ கேட்டே செய்யவேண்டும். மெல்ல மெல்லக் கரைவதற்கென்றே செய்யப்பட்ட மாத்திரைகளைப் பொடித்தால் மருந்தின் அளவு முழுவதும் ஒரேயடியாக உடலில் சேர்ந்துவிடும்.

இன்னொன்று, ரசஞ்சோறு. நோயாளிக்கு ரசஞ்சோறே பத்தியம் என்பது நம் தாய்மாரின் துணிபு. ஆனால் நீரும் பருக்கையும் கலந்த உணவே தொண்டைக்கு மிகவும் கடினமானது. பருக்கையை வாய் மெல்லும்போதே ரசம் முந்தி ஓடிவிடும். மிளகின் காரம் வேறு. அதைவிடக் குழைய மசித்த பருப்புச்சோறும், கெட்டித் தயிர்விட்டுப் பிசைந்த சோறும், வெண்பொங்கலும், கேழ்வரகுக் கூழும் பாங்கானவை. அவல், பொரி, வேர்க்கடலை, முறுக்கு, நார் மிகுந்த முருங்கைக்காய், முள்மீன், தாளிப்பில் மிதக்கும் கறிவேப்பிலை ஆகியன தவிர்க்கத்தக்கன. இவ்விடத்தில் நம் பொதுப்பேரவைக் கூட்டங்களைப்பற்றி ஒரு சொல்: தொண்ணூறு வயது அங்கத்தினர் கையிலும் சுடுதேநீரையும் பக்கோடாவையும் கொடுத்துவிட்டு, அவர் வாய்நிறைய மெல்லும்போது தீர்மானத்துக்கு ஆதரவு கேட்கும் நம் நிர்வாகிகளின் உபசாரம் சிறிது திருந்தினால் நன்று.

நீர் மெலிந்து விரைவதால்தான் ஆபத்து மிகுகிறது. அதனைக் கெட்டியாக்கினால் மடை மாறுவதற்கு நேரங்கிடைக்கும். இக்கருத்தின்மேல் பல நாடுகளின் வல்லுநர்கள் கூடி, நீருணவுக்கும் திடவுணவுக்கும் 0 முதல் 7 வரை எண்ணிட்ட ஒரு பொது அளவுகோலை வகுத்துள்ளனர். 2013-இல் தொடங்கிய இம்முயற்சி இன்று பல நாடுகளில் வழக்கிலிருக்கிறது. இதில் நமக்குப் பிடித்தது, அளப்பதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டாமை. ஊசிபோடும் 10 மில்லிலிட்டர்க் குழல் ஒன்று போதும். அதன் கோடுகள் 0 முதல் 10 வரை 61.5 மில்லிமீட்டர் நீளத்தில் இருக்கவேண்டும். உந்துகோலை நீக்கி, முனையை விரலால் அடைத்து, 10 வரை கஞ்சியை ஊற்றி, விரலை எடுத்துப் பத்து நொடி விட்டு மீண்டும் அடைக்கவேண்டும். எஞ்சியது 1 மில்லிலிட்டருக்குக் குறைவானால் அது வெறும் நீர்நிலை. 1 முதல் 4 வரை எஞ்சினால் முதல் நிலை. 4 முதல் 8 வரை இரண்டாம் நிலை. 8-க்கு மேல் எஞ்சிச் சிறிதேனும் வடிந்தால் மூன்றாம் நிலை. ஒரு சொட்டும் இறங்காவிடில் நான்காம் நிலை. எந்த முதியவருக்கு எந்த நிலை பொருந்தும் என்பதைப் பரிசோதித்தவரே சொல்லவேண்டும். அவர் சொல்லிய நிலையை நாள்தோறும் அடுக்களையில் தவறாமல் அமைப்பதற்கு இக்குழல் உதவும்.

கஞ்சியைப்பற்றி நம் பெண்மணிகள் முன்பே அறிந்த இரு நுட்பங்கள் இங்கே பயன்படும். கேழ்வரகுக் கஞ்சி ஆறும்போது கெட்டிப்படும். ஆகவே குடிக்கும் சூட்டில் அளக்கவேண்டும், அடுப்பிலிருந்து இறக்கியவுடன் அன்று. மேலும், எச்சில் பட்ட கரண்டியை மீண்டும் கஞ்சிக் கிண்ணத்தில் இட்டால் சிறிது நேரத்தில் கஞ்சி நீர்த்துப்போகும். உமிழ்நீரிலுள்ள ஒரு பொருள் மாவுச்சத்தைச் சிதைப்பதே காரணம். கிண்ணத்தின் தொடக்கத்தில் இரண்டாம் நிலையிலிருந்த கஞ்சி முடிவில் வெறும் நீராகிவிடலாம். சிறு சிறு பங்காகத் தனிக்கிண்ணத்தில் எடுத்து ஊட்டினால் இக்குறை நேராது. கடைகளில் விற்கும் சில கெட்டியாக்கும் பொடிகள் மாவால் ஆகாதன. அவை உமிழ்நீரால் நீர்ப்பதில்லை, ஆனால் விலை மிகுதி.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்றுண்டு. அதனை மறைப்பது நேர்மையாகாது. கெட்டிநீர் பலருக்குப் பிடிப்பதில்லை. அதனால் அவர்கள் குடிப்பதையே குறைத்துவிடுகின்றனர். மறதிநோயும் பார்க்கின்சன் நோயும் கொண்ட 515 பேரை மூன்று மாதம் கவனித்து 2008-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வில், முகவாயைத் தாழ்த்தி வெறும் நீர் குடித்தவர்க்கும் கெட்டிநீர் குடித்தவர்க்கும் நிமோனியா வருவதில் உறுதியான வேறுபாடு காணப்படவில்லை. கெட்டிநீர் குடித்தோரிடை உடல்நீர் வற்றுதல் மிகுந்திருந்தது. ஆகவே புரையேறுகிறவர் யாவருக்கும் கஞ்சியே மருந்து என்று நாமே முடிவு கட்டிவிடலாகாது. நம் சித்திரை, வைகாசி வெயிலில் நீர் குறைவதும் உயிருக்குத் தீங்கே.

இத்தனையினும் எளிதானதும், நம் அபிப்பிராயத்தில் முதலிடம் பெறவேண்டியதும் வாய்த்தூய்மையாகும். எச்சில் உள்ளே இறங்குவதை முற்றும் தடுக்க இயலாமற்போகலாம். அந்த எச்சிலில் கிருமி குறைந்திருக்கச் செய்ய இயலும். ஜப்பானில் பதினொரு முதியோர் இல்லங்களில் ஈராண்டு நடத்தி 2002-இல் வெளியிட்ட ஆய்வில், ஒவ்வொரு வேளை உணவுக்குப் பின்னும் பல்துலக்கி வாரந்தோறும் பல்மருத்துவர் பார்வையும் பெற்றவர்களிடை நூற்றுக்குப் பதினொருவருக்கு நிமோனியா கண்டது. அவ்வாறு செய்யாதவர்களிடை நூற்றுக்குப் பத்தொன்பதின்மருக்குக் கண்டது. பல்லே இல்லாத முதியவர்க்கும் இத்தூய்மை வேண்டும். ஈறு, நாவு, கன்னத்தின் உட்புறம் ஆகியவற்றை மெல்லிய ஈரத்துணியால் துடைக்கவேண்டும். பல்செட்டை இரவில் கழற்றிக் கழுவி நீரில் இடவேண்டும். ஒரு பல்துலக்கியின் விலைக்கு இவ்வளவு பயன் தரும் வைத்தியம் வேறொன்றை நாம் அறியோம்.

தசைக்குப் பயிற்சி உண்டா எனின், உண்டு. நாவின் நுனியையும் நடுவையும் மேலண்ணத்தில் பலங்கொண்டு அழுத்தும் பயிற்சியை எட்டு வாரம் செய்த முதியோரின் நாவலிமை கூடியதாக 2005-இல் ஓர் ஆய்வு காட்டிற்று. அமெரிக்க டாக்டர் ரேசா ஷேக்கரின் பெயரால் வழங்கும், 1997-இல் வெளியான பயிற்சி வேறொன்று. தலையணையின்றி மல்லாந்து படுத்து, தோளை உயர்த்தாமல் தலையை மட்டும் எடுத்துத் தம் கால்விரல்களைப் பார்த்தல். ஒரு நிமிடம் நிறுத்தி ஒரு நிமிடம் இளைப்பாறி மூன்று முறையும், பின் நிறுத்தாமல் முப்பது முறையும் செய்தல். இவ்வாறு நாளைக்கு மூன்று வேளை, ஆறு வாரம். இதனால் உணவுக்குழலின் வாய் அகலத் திறக்கிறது. கழுத்தெலும்புத் தேய்வுள்ளோரும் இதயநோய், இரத்த அழுத்தமுள்ளோரும் டாக்டரைக் கேளாமல் இதனைத் தொடலாகாது. ஜப்பானிய முதியோர் உணவுக்கு முன் ப, த, க, ர என்னும் ஒலிகளை விரைந்து பலமுறை கூறுகின்றனர். பகரத்தில் இதழ் கூடும். தகரத்தில் நாநுனி பல்லை ஒற்றும். ககரத்தில் நாவின் அடி அண்ணத்தைத் தொடும். விழுங்குதற்கு வேண்டிய அசைவுகளும் இவையே. எழுத்துகளின் பிறப்பிடத்தைத் தொல்காப்பியத்திலேயே வகுத்துக்கொண்ட நமக்கு இப்பயிற்சி அயலானதாகத் தோன்ற வேண்டியதில்லை; பேரப்பிள்ளைகளுடன் சேர்ந்து சொல்லலாம்.

ஊட்டும் முறையும் பெரிது. படுக்கையில் சாய்ந்த நிலையில் ஊட்டக்கூடாது. முதுகு நிமிர்ந்து அமரச் செய்து, உணவுக்குப் பின்னும் அரைமணி நேரம் அவ்வாறே இருக்க விடவேண்டும். தூக்கக் கலக்கத்தில் இருப்பவர் வாயில் ஒன்றும் இடலாகாது. ஊட்டுவோர் நின்றுகொண்டு ஊட்டினால் முதியவர் தலை தானே பின்னே சாயும். எதிரே அமர்ந்து ஊட்டுக. சிறு கரண்டி, குரல்வளை எழுந்து தாழ்ந்ததைக் கண்ட பின்னரே அடுத்த வாய். தொலைக்காட்சி அந்நேரம் ஓய்ந்திருக்கட்டும். பார்க்கின்சன் நோயுள்ளவர் மாத்திரையின் பலன் நன்கு தெரியும் வேளையில் உண்டால் எளிதாக விழுங்குவார்.

பக்கவாதம் கண்டு ஒருவர் வாய்கோணிக் கை தளர்ந்து விழுந்தவுடன் சோடாவும் காப்பியும் வாயில் ஊற்றுவது நம்மிடையே பரவலாகக் காணும் செயல். அன்போடு செய்வதே, ஆயினும் அந்த ஒரு வாய் நீரே நுரையீரலில் இறங்கி, பிழைக்கவேண்டியவரை நிமோனியாவில் ஆழ்த்தக்கூடும். விழுங்கும் ஆற்றலைப் பரிசோதிக்கும்வரை நீர், உணவு, மாத்திரை எதுவும் வாய்வழி தரலாகாது. உடனே 108-க்குச் சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லவேண்டும். இறுதி நிலையிலுள்ளவர்க்குப் பால் வார்க்கும் சடங்கைப்பற்றியும் சொல்ல அஞ்சவேண்டியதில்லை. பிழைப்பார் என்று டாக்டர் கூறியவருக்கு உறவினர் ஒவ்வொருவரும் ஒரு கரண்டி பால் வார்ப்பது தீங்கு. நனைத்த பஞ்சால் உதட்டை ஈரமாக்கினாலே அன்பு குறைந்ததாகாது.

உணவு தொண்டையில் அடைத்து, பேசவும் இருமவும் மூச்சுவிடவும் இயலாமல் ஒருவர் திணறினால், தலையில் தட்டுவதாலோ நீர் ஊற்றுவதாலோ பயனில்லை. அவரை முன்னே குனியச் செய்து, இரு தோள்பட்டைகளுக்கிடையே உள்ளங்கையின் அடியால் ஐந்து முறை ஓங்கித் தட்டவேண்டும். வெளிவராவிடில் பின்னே நின்று, ஒரு கைமுட்டியைத் தொப்புளுக்கு மேல் வைத்து மறுகையால் பற்றி, உள்ளும் மேலுமாக ஐந்து முறை வெடுக்கென்று அழுத்தவேண்டும். 1974-இல் டாக்டர் ஹைம்லிக் எடுத்துரைத்த முறை இது. இரண்டையும் மாறிமாறிச் செய்துகொண்டே 108-ஐ அழைக்கவேண்டும். பலமாக இருமிக்கொண்டிருப்பவரை மட்டும் தொடவேண்டாம். இருமலே அவரைக் காக்கும்.

விழுங்கற்குறையைப் பரிசோதித்துப் பயிற்சி தருபவர் பேச்சுப் பயிற்சியாளர், அதாவது மக்கள் ஸ்பீச் தெரபிஸ்ட் என்று வழங்கும் வல்லுநர். பேச்சுக்கும் விழுங்கலுக்கும் உறுப்புகள் ஒன்றே ஆதலால் இத்துறை அவர்கள் கைக்கு வந்தது. அமெரிக்கப் பெண்மணி ஜெரி லோகமன் 1983-இல் எழுதிய நூல் இதற்கு அடித்தளமிட்டது. பேரியம் கலந்த உணவைத் தந்து எக்ஸ்-கதிரில் அது செல்லும் வழியை ஓடும் படமாகக் காண்பது ஒரு பரிசோதனை. 1988-இல் சூசன் லாங்மோர் என்பவரும் அவர் குழுவினரும் எடுத்துரைத்தது இன்னொன்று: மெல்லிய உள்நோக்குக் குழாயை மூக்கின்வழி விட்டுத் தொண்டையை மேலிருந்து நேரே பார்த்தல். ஓசையின்றி உள்ளிறங்குவதை இவ்விரண்டாலுமே உறுதியாகக் கண்டறியலாம். முகவாயைத் தாழ்த்துவதா, தளர்ந்த பக்கம் தலையைத் திருப்புவதா, எந்தக் கெட்டி பொருந்தும் என்பனவெல்லாம் அதன்பின் ஆளுக்கேற்ப முடிவாகும்.

உண்ணவே இயலாதவர்க்கு மூக்கின்வழி இரைப்பைக்குக் குழாயிடுகின்றனர். ஆஸ்பத்திரிகளில் ரைல்ஸ் குழாய் என்பர். இதைப்பற்றி நாம் வற்புறுத்துவது ஒன்றே. குழாயுடன் வீடு திரும்பிய முதியவர், "இனி இவ்வளவுதான்" என்று மாதக்கணக்கில் அப்படியே விடப்படுகிறார். பக்கவாதத்தால் வந்த விழுங்கற்குறை பலருக்குச் சில வாரங்களில் தேறுகிறது. ஆகவே வீட்டுக்கு அனுப்பும் நாளிலேயே, "மறுபடி எப்போது விழுங்கிப் பார்ப்பீர்கள்?" என்று கேட்டு நாள் குறித்துக்கொள்ளுங்கள். குழாய் இருக்கும்போதும் எச்சில் இறங்கும். வாய்த்தூய்மை அப்போதும் வேண்டும். முற்றிய மறதிநோயிலோ நிலைமை வேறு. அந்நிலையில் குழாய் ஆயுளை நீட்டுவதாகச் சான்றில்லை. பொறுமையுடன் கையால் ஊட்டுவதையே முதியோர் மருத்துவர் சங்கங்கள் விரும்புகின்றன.

எங்கே செல்வது என்ற கேள்விக்கு நம் வட்டாரத்தார் கவலைப்படவேண்டியதில்லை. முதியோர் மருத்துவத்தில் சென்னை நாட்டுக்கே முன்னோடி, டாக்டர் வி. எஸ். நடராசன் முயற்சியால் 1978-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் இதற்கெனத் தனிப்பிரிவு தொடங்கியது. 1996-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டமேற்படிப்பும் வந்தது. ஆவடியிலும் அம்பத்தூரிலும் மின்ரயிலேறிச் சென்ட்ரலில் இறங்கினால் எதிரே அம்மருத்துவமனை. கிண்டி கிங் ஆய்வு நிலைய வளாகத்தில் 200 படுக்கை கொண்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. பூவிருந்தவல்லியார்க்கு இது எளிது. போரூர் ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தில் பேச்சு, செவித்திறன் துறை உண்டு. பல்செட்டு வேண்டுவோர்க்கு வேலப்பன்சாவடியில் சவீதா பல்மருத்துவக் கல்லூரி அருகிலுள்ளது. வீட்டைவிட்டு வர இயலாத முதியோர்க்கு வழி கேட்க 14567 என்னும் முதியோர் உதவி எண்ணும் உண்டு.

செல்லுமுன் மூன்று நாள் குறிப்பு எழுதுக: என்ன உண்டார், எவ்வளவு நேரம் ஆயிற்று, எதற்குப் புரையேறிற்று, எடை எவ்வளவு. உண்ணும் மாத்திரைகள் யாவற்றையும் ஒரு பையில் எடுத்துச் செல்லுங்கள். வீட்டுக் கஞ்சியும் கைப்பழக்கமான டம்ளரும் உடனிருந்தால், அவர் நாள்தோறும் உண்பதையே பயிற்சியாளர் நேரில் காணலாம். பல்செட்டை மட்டும் மறந்து வீட்டிலுள்ள தண்ணீர்க் கிண்ணத்திலேயே விட்டுச் செல்லாதீர்கள். அதை அணிந்து அவர் விழுங்குவதைத்தான் அங்கே பார்க்கவேண்டும்.